மாமன் மடி

என் மகள் வர்ணிகாவின் காதுகுத்து வீடியோவைக் கோயமுத்தூர் கோர்ட்டில் ஒரு நாள் போட்டுக் காட்டுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பேன். ஆனால் போட்டார்கள். நாதஸ்வரமும் மேளமும் ஒரு லேப்டாப்பிலிருந்து கோர்ட் ஹாலுக்குள் அலறின. அடுத்த வழக்குக்காகக் காத்திருந்த வக்கீல்கள்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். சாட்சிக் கூண்டில் என் தம்பி சுரேந்தர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றான். லேப்டாப்பில் அதே சுரேந்தர் புது வேட்டியும் தலையில் உறுமாலுமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் மகளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. கல்யாணத்துக்கு அழைக்க வந்தவரைப் போல அவ்வளவு மரியாதையாகப் பேசினார்.

"காலை மடக்க முடியாது, தரையில உட்கார முடியாது, அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்பல வலியில்லாம இருக்க முடியாதுன்னு பிரமாணப் பத்திரத்துல சொல்லியிருக்கீங்க. சரிங்களா? இதுல உட்கார்ந்திருக்கறது யாருங்க?"

சுரேந்தர் தலையைக் குனிந்துகொண்டான். "எம்பட அக்கா புள்ள காதுகுத்துங்க," என்றான்.



சுரேந்தர் சிங்காநல்லூரில் ஒரு பம்புசெட் கம்பெனியின் குடோனில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன். போன வருஷம் ரிவர்ஸில் வந்த லாரி அவனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. தொடை எலும்பு நொறுங்கியது. உள்ளே கம்பி வைத்து, ஸ்குரு போட்டு முடுக்கினார்கள். ஆனாலும் எலும்பு சரியாகச் சேரவில்லை. மறுபடியும் திறந்து, பழைய கம்பியை எடுத்துவிட்டு வேறு வைத்தால்தான் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பான், வலியும் அடங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் ஆபரேஷனுக்கே இருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்துக் கொடுத்தாகிவிட்டது. இனிமேல் ஆக வேண்டியது கோர்ட் கையில் இருந்தது.

எங்கள் வக்கீல் லட்சுமிநாராயணன் முதல் நாளே எங்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கினார்.

"வேலை செய்யறப்ப அடிபட்டவங்களுக்குன்னு தனியா ஒரு சட்டம் இருக்குதுங்க. அதுல போனா, ஊனம் எத்தனை சதவீதம், சம்பளம் என்ன, வயசு என்ன, அவ்வளவுதானுங்க கேப்பாங்க. வலிக்குன்னு அதுல ஒரு இடமே கிடையாதுங்க. உங்க தம்பிய இடிச்சது லாரிங்கறதால மோட்டார் விபத்துக் கோர்ட்டுக்கும் போகலாம். ரெண்டுல ஒண்ணுக்குத்தான் போக முடியும். இங்க வலியும் வேதனையும்னு தனித் தலைப்பே இருக்குதுங்க. நான் இதுக்குத்தான் போகலாம்பேன்."

எலும்புக்கு விலை உண்டு, அந்த எலும்பு படுத்துகிற பாட்டுக்கு விலை இல்லை என்று ஒரு சட்டமே இருக்கிறதாம். யார் எழுதினார்களோ, அவர்களுக்கு ஒரு பல்வலிகூட வந்திருக்காது போல. இரண்டாவது வழியிலேயே போகலாம் என்று நான்தான் அடித்துச் சொன்னேன். அப்படிப் போனதால், என் தம்பியின் வலியை ஒரு நீதிபதி நம்ப வேண்டும் என்று ஆகிவிட்டது. வழக்கு மொத்தமும் அதுதான்.

அதில் ஒரு சங்கடம். வலி இருக்கிறதா என்று யார் கேட்டாலும் சுரேந்தர் "பரவால்லீங்க" என்று சொல்லிவிடுவான். ஊனம் எவ்வளவு என்று பார்க்கிற டாக்டர்கள் கேட்டபோதும் அதையேதான் சொன்னான். பக்கத்தில் நின்ற நான் அவன் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளி, "ராத்திரியெல்லாம் தூங்கறதில்லீங்க" என்று சேர்த்துச் சொன்னேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு வியாதி. கேட்டவர் மனசு நோகக்கூடாது என்று, நோகிறவனே அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பான்.

காதுகுத்து தை மாதம் நடந்தது. உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதி அணைக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரர் மனோஜ்குமாரின் குலதெய்வக் கோயில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. சுரேந்தரின் கால் இருந்த இருப்பில், எங்கள் பெரியப்பா மகன் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று போனில் சொன்னேன்.

"ஏக்கா, நான் செத்தா போயிட்டேன்?" என்றான்.

அதற்குமேல் என்ன பேச? சரி, நாற்காலியில் உட்கார்ந்து செய்யட்டும் என்று கோயிலுக்கு ஒரு மெத்தை நாற்காலியே கொண்டுபோயிருந்தோம். அவன் அதை நகர்த்தி வைத்துவிட்டான். கீழே மணைப்பலகை போட்டிருந்தது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து இறக்கிவிட, பல்லைக் கடித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிறகு கையை நீட்டி, "வா கண்ணு" என்று வர்ணிகாவைக் கூப்பிட்டான். என் வீட்டுக்காரரின் பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லாம், மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்குக் கட்டம் போட்ட சட்டை போட்ட ஒருவர் வந்திருந்தார். அவரைச் சுரேந்தரின் கம்பெனி ஆள் என்று நாங்கள் நினைத்தோம். சுரேந்தர் அவரை என் வீட்டுக்காரர் பக்கத்து ஆள் என்று நினைத்தான். எங்கள் விசேஷத்தில், வந்தவரை நீங்கள் யார் என்று கேட்டுவிட்டால் அதைவிடக் கேவலம் வேறு கிடையாது. சாப்பிட்டீர்களா என்று மட்டும்தான் கேட்போம். அவர் கிளம்பப் பார்த்தார். நான்தான் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டுபோய்ப் பந்தியில் உட்கார வைத்து, இன்னும் ரெண்டு துண்டு வெச்சுக்குங்க என்று கறியை அள்ளிப் போட்டேன். கூச்சப்படும் மனிதர் என்றுதான் நினைத்தேன். போகும்போது என் வீட்டுக்காரரிடம், "வீடியோ எடுக்கறீங்களே, எங்க ஊட்லயும் பாக்கோணும்னு சொன்னாங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். வீடியோ வந்த அன்றே இவர் குஷியில் லிங்க்கை அனுப்பிவிட்டார்.

அந்த மனிதர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் துப்புப் பார்க்கிறவர். கோர்ட்டில் கடைசி பெஞ்சில் அதே மாதிரி ஒரு கட்டம் போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கறியை அவர் வயிற்றிலிருந்து பிடுங்கிவிடலாம் போல இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோர்ட் கலைந்தது. வராந்தாவில் லட்சுமிநாராயணன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க தம்பி, இப்பிடியொரு வீடியோ இருக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதுங்களா? ஜட்ஜம்மா மொகத்தப் பாத்தீங்களா? உங்களை ஏமாத்துக்காரன்னு முடிவு பண்ணிட்டாங்க."

சுரேந்தர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒற்றைக்காலில் நின்றான்.

"சரி, போச்சாது. இன்னும் வழி இருக்குது. மத்தியானம் நான் உங்களைத் திரும்பக் கேள்வி கேக்கறேன். அன்னைக்கு உட்கார்ந்தப்ப வலிச்சுதா, இல்லையா? வலிச்சுது, புள்ளைக்காகப் பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அது போதும்."

"அது சீருங்க சார்," என்றான் சுரேந்தர்.

"இருக்கட்டுங்க. அதனால?"

"சீர் செய்யறப்ப வலிச்சுதுன்னு கோர்ட்டுல சொல்லி, அதுக்கு ரூவா வாங்குனா, அது சீருங்களா? கூலிங்க."

வக்கீல் என்னைப் பார்த்தார். அவருடைய இத்தனை வருஷத் தொழிலில் வலியை ஒன்றுக்குப் பத்தாகச் சொல்பவர்களைத்தான் பார்த்திருப்பார். நான் பொறுக்க முடியாமல் பாய்ந்தேன்.

"சீரு எனக்குத்தான செஞ்ச? நானே சொல்றேன், வலிச்சுதுன்னு சொல்லித் தொலை! நீ பெரிய கர்ணன் பரம்பரை. ஆயுசுக்கும் இப்பிடியே நொண்டிக்கிட்டுக் கெடக்கப்போறயா?"

"நீ சும்மா இருக்கா. இன்னைக்கு இங்க எழுதிப்போட்டா அது நம்ம ஊரு வரைக்கும் வந்துரும். வர்ணிகாவத் தூக்கி மடில வெச்சுத்தான் மாமன் காலு போச்சும்பாங்க. ராசி கெட்ட புள்ளைன்னு ஒரு பேரக் கட்டி உட்ருவாங்க. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க காதுல அது உழுகாதா?"

அஞ்சு வயசுக் குழந்தைக்கு மாப்பிள்ளை பார்க்கிற நாள்வரைக்கும் யோசித்து வைத்திருந்தான். எங்கள் ஊர்வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா?

மத்தியானம் மறுபடி கூண்டில் ஏறினான். லட்சுமிநாராயணன் அந்த நாற்காலியையாவது காட்டலாம் என்று, வீடியோவை இன்னொரு தடவை முழுசாகப் போடச் சொல்லிக் கேட்டார். நீதிபதி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். போடுவதற்கு முன்னால் அவரே சுரேந்தரிடம் கேட்டார்.

"தெளிவா சொல்லுங்க. அன்னைக்கு உட்கார்ந்திருந்தப்ப உங்களுக்கு வலி இருந்துச்சா?"

"இல்லீங்கம்மா."

"கொஞ்சம்கூட?"

"இல்லீங்க. சந்தோசமாத்தானுங்க இருந்துச்சு."

லட்சுமிநாராயணன் கண்ணை மூடிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன். ஆனால் லேப்டாப்பில் வீடியோ ஓட ஆரம்பித்திருந்தது.

ஓரத்தில் காலி நாற்காலி. உறுமால் கட்டிய சுரேந்தர். காது குத்துகிறவர் குனிகிறார். வர்ணிகா துள்ளித் துடித்து அழுகிறாள், சுரேந்தரின் கால்மேல் உதைக்கிறாள். அவன் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அப்போது அவள் கால் இருந்த இடத்தில் அவனுடைய வெள்ளை வேட்டியில் ஈரம் பரவுகிறது. வீடியோக்காரன் அதைக் கிட்டப் போய்க் காட்டியிருந்தான். எடிட் செய்தவன் அந்த இடத்தை மெதுவாக ஓடவிட்டு, ஒரு சிரிப்புச் சத்தத்தையும் சேர்த்திருந்தான். மாமன் மடியில மழை பேஞ்சுபோச்சு என்று யாரோ கத்துகிறார்கள். கோயிலே சிரிக்கிறது. நானும் வாயில் கைவைத்துக்கொண்டு சிரிக்கிறேன். "ஏன் அம்மணி, மாமன் மடில போயிட்டயா?" என்று என் மாமியார் கேட்கிறார். வர்ணிகா அழுகையை நிறுத்திச் சுரேந்தரின் முகத்தை அண்ணாந்து பார்க்கிறாள். பிறகு ஆமாம் என்று தலையாட்டுகிறாள்.

கோர்ட்டிலும் சிரித்தார்கள். நீதிபதிகூட உதட்டை மடித்துக்கொண்டார்.

இந்த இடத்தை நான் வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறேன். அடுத்தது என் வீட்டுக்காரர் வர்ணிகாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவார். திரும்பினார். அவளுடைய மஞ்சள் பட்டுப்பாவாடையின் பின்பக்கம் திரை முழுக்கத் தெரிந்தது.

அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியாது. "நிறுத்துங்க! அத நிறுத்துங்க!" என்று யாரோ கத்துவது கேட்டது. கத்தியது நான்தான்.

ஒரு போலீஸ்காரம்மா என் தோளைப் பிடித்தார். நீதிபதி, "யாரும்மா நீங்க?" என்றார்.

"புள்ளையோட அம்மாங்க. இவனோட அக்காங்க. அது எம்பட மக இல்லீங்கம்மா. எம்பட மக போகலீங்க. பாவாடையப் பாருங்க, காஞ்சு கெடக்குது!"

நீதிபதி வீடியோவைப் பின்னுக்குக் கொண்டுபோகச் சொன்னார். மஞ்சள் பாவாடையில் நிறுத்தச் சொன்னார். அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. நான் ஏதோ குடும்ப மானத்துக்குச் சண்டை போடுகிறேன் என்று நினைத்திருப்பார். கொஞ்சம் கேலியாகவே கேட்டார்.

"குழந்தை இல்லேன்னா பின்ன யாரும்மா?"

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அத்தனை பேருக்கு நடுவில் என் தம்பியின் வேட்டியை நானே உருவிவிட்டேன். ஹாலில் இருந்த எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சொன்னால் அவன் மானம் போகும். சொல்லாவிட்டால் அவன் கால் போகும்.

"நானுங்க," என்றான் சுரேந்தர்.

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள். சிரித்தவர்களில் ஒருவர்கூட இப்போது அவனை நேராகப் பார்க்கவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அவ்வளவு வலியா?" என்றார்.

"ஆமாங்கம்மா. புள்ள ஒதைச்சப்ப என்னயும் மீறிப் போயிருச்சுங்க."

"அப்புறம் ஏன் சிரிச்சீங்க?"

சுரேந்தர் ஊன்றுகோலின் பிடியைத் தடவிக்கொண்டே சொன்னான். "புள்ள எம்மொகத்தையே பாத்துட்டிருந்துச்சுங்க. நான் மொகத்தச் சுளிச்சா, தன்னாலதான் மாமனுக்கு வலிக்குதுன்னு நெனச்சுக்குமுங்க."

மேற்கொண்டு கேள்வி இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். கடைசி பெஞ்சில் கட்டம் போட்ட சட்டை எப்போது எழுந்துபோனது என்று யாருக்கும் தெரியவில்லை. தீர்ப்பு பிறகு ஒரு நாள் வந்தது. அவன் வலியை நம்பியிருந்தார்கள். பீளமேட்டில் ஆபரேஷனும் நடந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் கோர்ட் வராந்தாவில் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. லட்சுமிநாராயணன் சுரேந்தரின் கையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

சுரேந்தர் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"வர்ணிகா பள்ளிக்கூடத்துலருந்து வந்திருப்பாளா?" என்று கேட்டான். "போனப் போடு. நானே சொல்லிப்போடறேன். பாவம், செய்யாத ஒண்ணுக்கு இத்தனை நாளாக் கிண்டலக் கேட்டுட்டிருக்கறா."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். மாமா என்ற குரல் கேட்டதும் அவன் போனுக்குக் கிட்டக் குனிந்தான்.

"கண்ணு, காதுகுத்து அன்னைக்குக் கோயில்ல எல்லாரும் உன்னயச் சிரிச்சாங்கல்ல? அது நீ இல்ல கண்ணு. மாமன்தான். மாமன் சொல்லாம உட்டுப்போட்டேன்."

"தெரியும் மாமா," என்றாள் வர்ணிகா.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "எப்பிடி கண்ணு தெரியும்?" என்றான்.

"நீங்க சிரிச்சுட்டே அழுதீங்க. அப்பறம் எங்காலுக்குக் கீழ சூடா ஆச்சு."

"பின்ன ஏங்கண்ணு, பாட்டி கேட்டப்ப ஆமான்னு தலையாட்டுன?"

இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி அவள் சொன்னாள். "இல்லீன்னா உங்களையச் சிரிப்பாங்கல்ல மாமா? நான் சின்னப் புள்ளதான?"

வழக்குக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, சுரேந்தர் சுவரில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதான். லாரி இடித்த நாளிலிருந்து அவன் அழுது நான் பார்த்ததில்லை. போனில் வர்ணிகா மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் போனை அவன் காதோரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.